ரத்து

ஜனவரி மின்கட்டண ரசீதோடு குட்வெய்க் வந்தாள்.
பூட்ஸில் அப்பிய பனியை வாசலிலேயே உதறிவிட்டு
ரசீதின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.
கண்ணாடி போட்டாலும் எறும்பளவே தெரியும் எழுத்து:
பாதிக்கு மேல் நிலக்கரி, எரிவாயு,
மிச்சத்தில் பெரும்பங்கு அணு,
புனல் என்று கொஞ்சம், ஒப்புக்கு.

"என் வீட்டுக்கு நானூறு மீட்டர் மேலே
அருவியைக் குழாயில் அடைத்திருக்கிறீர்கள்.
ராத்திரியெல்லாம் டர்பைனின் முனகல்
என் தலையணைக்குள் கேட்கிறது.
கெட்டிலுக்குள் நிலக்கரியைப் போட்டது யார்?"

நான்தான்.

ஸ்கோர்டால் நகராட்சி மின்வாரியத்தில்
என் நாற்காலியின் வேலை அது.
ஆயிரம் யூனிட் ஓடினால் ஒரு சான்று பிறக்கும்.
அதற்கு எண் உண்டு, பிறந்த மாதம் உண்டு, ஊர் உண்டு;
ஈரம் கிடையாது.
மின்சாரம் இவள் அடுப்புக்குப் போகும்,
சான்று ராட்டர்டாமில் ஒரு சாக்லேட் ஆலைக்கு.
அங்கே உறைமேல் பச்சை இலை ஒன்று துளிர்க்கும்.
விற்ற பசுமையை இங்கே மறுபடி எண்ணக் கூடாது.
ஆகவே கண்டத்தின் கரி மிச்சமெல்லாம்
கணக்கில் இவள் தலையில்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான்.
ஆனால் போன வருஷம்
அதை விற்ற காசில்தான்
நீச்சல்குளத்துக்குக் கூரை போட்டோம்.
சொன்னேன்.
புதன்தோறும் அங்கே நீந்துகிறவள்
கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.

அந்தக் காசு எங்கோ புதுக் காற்றாலை நடும் என்று
கொள்கை அறிக்கையில் இருக்கிறது.
அதையும் சொல்ல வாயெடுத்தேன்.
எங்கே என்று கேட்பாள்.
ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

"ஒரு சான்று என்ன விலை?"
ஒரு காப்பியின் விலைகூட இல்லை.
சில்லறையை மேசையில் எண்ணி வைத்தாள்.

ஒற்றைச் சான்று கேட்டு யாரும் வந்ததில்லை;
அதற்குப் படிவம் கிடையாது.
ஒஸ்லோவுக்கு மூன்று முறை பேசினேன்,
மூன்று முறையும் வேறு வேறு ஆள்,
மூன்றாமவர் சிரித்தார்.
இருட்டும் நேரத்தில், அதாவது மூன்று மணிக்கு,
கடைசித் திரை திறந்தது.
பயன்படுத்தியாயிற்று என்பதற்கு
அந்தப் பதிவேட்டில் இருக்கும் சொல்:
ரத்து.

"எதை ரத்து செய்கிறாய்?"
உங்கள் பெயரில், ஆயிரம் யூனிட் அருவியை.
"ம். அழுத்து."

அழுத்தினேன்.
மலைச்சரிவில் குழாய்
ஒரு கணமும் தயங்கவில்லை.
தாளை நாலாய் மடித்து
மேல்கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஆயிரம் யூனிட்,
இந்தக் குளிரில், அந்தப் பழைய மரவீட்டில்,
பன்னிரண்டு நாள் தாங்கும்.

பதிமூன்றாம் நாள் காலை.
கணினியைத் திறக்கவில்லை இன்னும்,
வாசலில்
பூட்ஸ் உதறும் சத்தம்.