நானூறாவது மில்லிசெக்கன்

எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம்.
தங்கேஸ்வரி வைத்துக்கொண்டுதான் வந்தார்.
"வெறுந்தலையோட எப்புடி நாலு பேருக்கு முன்னால குந்துறது?"
பிள்ளை மடுவத்துக்குப் பின்னால்
ஷாம்பு பக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கொடுத்தேன்.
பொகவந்தலாவைக் குளிருக்குத் தண்ணீர் கொதித்து வர
பதினொரு மணி.

முப்பத்திரண்டு மின்முனை.
ஒவ்வொன்றின் அடியிலும் மயிரை விலக்கி
ஊசி இல்லாத சிரிஞ்சால் உப்புக் களி.
கூடைக்கயிறு இருபத்தாறு வருஷம் அழுத்திய இடத்தில்
தோல் தடித்திருந்தது.
அங்கே மட்டும் தடை இறங்கவேயில்லை.
மூன்று முறை தேய்த்துவிட்டு
அந்த முனையை விட்டுவிட்டோம்.

திரையில் ஒவ்வொரு சொல்லாக வரும்,
அரைச் செக்கனுக்கு ஒன்று.
கடைசிச் சொல் முடியும்வரை இமைக்கக் கூடாது.
இமைத்தால் கண்ணின் மின்சாரம் வந்து
மூளையின் மின்சாரத்தை மூடிவிடும்.
மூளையுடையது அவ்வளவு சிறிது.
கீழே தொழிற்சாலை ஓடும்போது
அதன் ஐம்பது ஹேர்ட்ஸும் வந்து கலக்கும்.
அதை வடிகட்டலாம்.

பொருந்தாத சொல் வந்தால்
நானூறாவது மில்லிசெக்கன் அளவில்
அலை ஒரு சின்ன மேடு ஏறும்.
சிரிப்பு வருமுன்னே,
"என்னங்க இது" என்று கேட்குமுன்னே.
(எதிர்மறையை மேல்நோக்கி வரைவது இந்தத் துறையின் பழக்கம்.
முதல் வருஷம் எல்லா மலையும் எனக்குப் பள்ளமாகத் தெரிந்தது.)
ஒரு தலை ஒரு தடவை காட்டுவதை நம்பக் கூடாது.
அது இரைச்சல்.
இருபத்துநான்கு தலை, நூற்றுஅறுபது வாக்கியம்,
கூட்டி வகுத்தால்தான் அலை.

வாக்கியங்கள் பேராசிரியர் குகமூர்த்தியுடையவை.
பாதி சரி, பாதி பிழை.
கடலோர ஊரில் நாற்பது மாணவர்களிடம்
சரிபார்த்து அனுப்பியிருந்தார்.
*அவன் தேங்காயைத் துருவினான்.*
மேடில்லை.
*அவன் தேங்காயை வாசித்தான்.*
மேடு.
எல்லாம் நூலில் உள்ளபடி.

ஒன்பது வாரம் கழித்து
வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் கண்டேன்,
இரண்டு முரண்டு பிடித்தன.
நாற்பத்தொன்று, பிழைப் பட்டியல்:
*இன்று அவளுக்குக் கிடைத்தது அரைப் பெயர்.*
இருபத்துநான்கு தலையிலும் தட்டை.
ஒரு வரம்புகூட எழவில்லை.
கொழுந்து றாத்தல் குறைந்த அன்று
பிரட்டுக்களத்தில் விழுவது அதுதானே.
எண்பத்தெட்டு, சரிப் பட்டியல்:
*நாங்கள் பிறந்த வீடு எங்களுக்குச் சொந்தம்.*
"சொந்தம்" விழுந்த இடத்தில்
தேங்காயை வாசித்தவனைவிட உயரமான மேடு.

பேராசிரியர் பதில் ஒரு வரி:
"வட்டாரக் குறுக்கீடு. இரண்டையும் நீக்கிவிடவும்."
முறைப்படி அவர் சொல்வது சரி.
ஒரேயொரு வாக்கியத்தை வைத்து எவரும் எதுவும் நிறுவ முடியாது.
அன்றிரவு நானே தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
எனக்கும் மேடு.
ஆனால் எண்பத்தெட்டுக்காகக் காத்திருந்தவள் நான்,
என் தலை சாட்சிக்கு ஆகாது.
கொட்டகலையில் எட்டாம் நம்பர் காம்பராவில் பிறந்தவள்
என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னும் நீக்கவில்லை.

அன்று களியைக் கழுவி
துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தங்கேஸ்வரி கேட்டார்,
"பாஸாம்மா நான்?"
பரீட்சை இல்லை என்றேன்.
"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.
அந்த வூடு சொந்தம்னு வந்துச்சே,
அதுல மட்டும் பிழையா எழுதிட்டீங்க, பாத்துக்குங்க."
நான் தலையாட்டினேன்.
குறித்துக்கொள்ளவில்லை.
வாயால் சொல்வதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை.

கொடுப்பனவுத் தாளில் அவருக்குக் குறியீடு ப-17.
இரகசியம் காக்க அப்படித்தான்.
எட்டிப் பார்த்தவர்
"முழுப் பேரையும் போடுங்க," என்றார்,
"மலைக்குப் போகாததால
அங்க இன்னிக்கு அரைகூட இல்ல."