தோன்றா எழுவாய்

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும், ஓர் எண்.
குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் வண்டியாய்த் திரும்ப ஏறும், இன்னோர் எண்.
கழித்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும்.

லாரிக்கும் லாரிக்கும் இடையில்
நாற்பத்து மூன்று வயதில்
பட்டப்படிப்புக்கு ஆய்வேடு எழுதுகிறேன்.
தலைப்பு முக்கால் பக்கம்.
சுருக்கினால் இவ்வளவுதான்:
ஐம்பத்தாறில் இந்தத் தோட்டத்தில்
ஒன்பது நாள்
ஆட்கள் பெரட்டுக்கு வராதது ஏன்?

முதல் ஆதாரம்
துரை லண்டனுக்கு எழுதிய அறிக்கை.
தியோ கடையில் போட்டோஸ்டேட், பக்கம் பத்து சென்.
ஓரம் கறுத்து
வரிகளின் கடைசிச் சொற்கள் இருட்டுக்குள் விழுந்திருந்தன.
மிச்சத்தைத் தமிழாக்கி வைத்துக்கொண்டேன்:
மரங்கள் சீவப்பட்டன.
பால் சேகரிக்கப்பட்டது.
ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது.

பட்டது, பட்டது, பட்டது.
பட்டது யார்?

தோன்றா எழுவாய் என்று
ஐந்தாம் படிவத்தில் படித்தது நினைவிருக்கிறது.
'வந்தேன்' என்றாலே போதும்,
வினையின் வாலைப் பிடித்து இழுத்தால்
ஆள் வெளியே வந்துவிடுவான்.
துரையின் வாக்கியத்தில் இழுத்தேன்.
பல்லி போய்விட்டது,
வால் கையில் துடித்தது.

சிவப்பு மையால் கோடிட்டேன், நாற்பத்தொரு இடம்.
அந்த வேகத்தில்
இரண்டாம் அத்தியாயம் ஒரே இரவில் முடிந்தது:
"கிராணியின் பேனாவில் இருந்தது மையல்ல, வியர்வை."
யுகேந்திரன் வாட்சாப்பில் மூன்று தீப்பொறி அனுப்பினான்.

முனைவர் இளவழகி
ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்:
யார் சொன்னது?

ஊரே சொன்னது என்று எழுதினேன்.
எழுதியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு லாரி ஹாரன் அடித்தது.
பிறகு ஊரையும் மேடையில் ஏற்றினேன்.

பதிவு செய்த குரல்களைத் திரும்பக் கேட்டேன்.
கிராணி கணக்கைத் திருத்தினானாம்.
கூலி குறைந்ததாம்.
கேட்டவன் பேரை வெட்டிட்டானாம்.
ஆம் என்றால் சம்மதம் என்றல்லவா நினைத்திருந்தேன்?
இருபத்து மூன்று ஆம்.
கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.
துரை செய்தவனை மறைத்தார்,
ஊர் பார்த்தவனை மறைத்தது.
நானோ
இரண்டையும் கூட்டி அடிக்குறிப்பு போட்டிருந்தேன்.

செக்ரோல் சிகாமாட்டில் கிடைத்தது,
சங்க அலுவலகத்து பிஸ்கட் டின்னுக்குள்.
கூலியில் ஒரு சென்னும் குறையவில்லை.
அறுபத்தொரு பேர்.
ஒவ்வொரு பெயர் எதிரிலும்
அதே சாய்ந்த கையெழுத்தில்
காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல்.
எல்லோருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை கண்டு
ஒன்பதாம் நாள் ஒருசேர விட்ட காய்ச்சல்.

வேலைநிறுத்தம் என்ற சொல்லைத்
துரையிடமிருந்து காப்பாற்ற எழுதினானா,
ஆட்களிடமிருந்து பறிக்க எழுதினானா?
அவனும் என்னைப் போல
எண்களுக்கு நடுவே தூக்கம் விழித்தவன்.
அந்த ஒற்றுமையையும் வெறும் எடையோடு
கழிக்க வேண்டியிருந்தது.

வியர்வை வாக்கியத்தை அடித்தேன்.
நல்ல வாக்கியம். இன்னமும் வலிக்கிறது.
அந்த இடத்தில் இப்போது நிற்பது:
"இது வேலைநிறுத்தமாக இருந்திருக்கலாம்.
கிராணியின் நோக்கத்தை
இந்த ஆவணத்தைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது."
'லாம்' என்று எழுத
இரண்டு மாதமும் நாற்பது ரிங்கிட் பஸ் காசும் ஆனது.

விடிய ஒரு மணி நேரம் இருக்கையில்
சுகுமாறனின் லாரி வந்தது.
இயந்திரம் சீட்டைத் துப்பியது,
கீழே வழக்கம்போல் மலாயில்: தெலா டிதிம்பாங்.
எடை பார்க்கப்பட்டது.

பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினேன்:
பார்த்தது தனபாலன் த/பெ அங்கமுத்து.

"என்னண்ணே, புதுசா?" என்றான் சுகுமாறன்.

"காய்ச்சல்" என்றேன்.