மூன்றாவது குடைவு

ஜெலுத்தோங் பட்டறையில்
என் பைக்கின் வயிற்றைத் திறந்து
விரல் விட்டுப் பார்க்கிறான் ஆ கியோங்.
இரண்டு தரம் குடைந்தாயிற்றாம்.
இன்னொரு தரம் தாங்கும்,
அப்புறம் சுவரே இருக்காது என்று
மலாயில் சொல்கிறான்.
குடைய நானூறு வெள்ளி.
மாற்ற ஆயிரத்து நூறு:
அதோ, சாக்கின் மேல்
எவருடையதோ ஓர் இன்ஜின்,
துடைத்து வைத்த முகத்தோடு.

கூட்டு எடுத்தால் கட்டிவிடலாம்.
பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்டுக்கு
இனித் தள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

"நம்பர் மாறும்.
கிராண்டில் பேர் இருக்கிறவர்
வந்து கையெழுத்துப் போடணும்."

கிராண்டில் இன்னும் சற்குணன்.
ஜொகூரில், மூன்று வருடமாய்,
யாரோடோ.

தரையில் கிடந்த பிஸ்டனை எடுத்தேன்.
ஒரு பக்கம் மட்டும் கீறல்.
மறுபக்கம்
லிப்ஸ்டிக் சரிபார்க்கலாம் போலப் பளபளப்பு.

"குடைங்க" என்றேன்.