வடிதுணி

கோடை முற்றி எங்கள் பள்ளிச் சுனை வற்றிவிட்டது.
பாறைப் பிளவில் ஒரு கையளவு ஈரம், அதில் ஒரு தவளை.
"அது அதன் வீடு, விடுங்கள்" என்றார்
சாந்திமதிக் குரத்தியார்.

உப்பு வண்டிக்காரன் மாறன் எயினன்
சூரைக்குடி ஊருணி நீரைத் தோற்பையில் கொண்டுவந்தான்.
திருப்பி அனுப்பினோம்.
மறுநாள் மண்சாலில் வந்தது.
வழியெல்லாம் அவன் முணுமுணுத்தது
குன்றின் உச்சிவரை கேட்டது.

நீர் வடிப்பது புதியவர்கள் வேலை,
எனக்கும் பூதிக்கும்.
துணியை எட்டாக மடி என்பது விதி.
நான்காக மடித்தால் சீக்கிரம் வடியும் என்பது பூதி.

எங்கள் நாள் வேறென்ன?
விடியுமுன் விழித்து, அசையாது இருப்போம்.
காலடியில் எது போகிறதோ.
வெளிச்சம் வந்தபின் பீலியால் தரை வருடி
எறும்புகளிடம் வழி கேட்டு நடப்போம்.
ஒருவேளைச் சோறு. பிறகு ஏடு.
தேவங்காரிக்கு ழகரம் வராது;
அவள் வாசிக்கையில் எல்லாரும் நிலம் பார்ப்போம்.
பொழுது சாய்ந்தால் விளக்கில்லை, விட்டில் விழும்.
அந்த இருட்டில் நான் வட்டிக் கணக்குப் போடுவேன்,
மாமனார் கடையில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.
இது குரத்தியாருக்குத் தெரியாது.
தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று துணியில் தங்கியது
கொஞ்சம் பச்சைத் தூசி,
மயிரிழை போல் நெளிந்த இரண்டு சிவப்பு.
கண்ணில் படாதவை எத்தனையோ.
எடுத்த நீரிலேயே விட வேண்டும்.
வேறு நீரில் விட்டால் கொலை.

குரத்தியார் என்னைப் பார்த்தார்.
நான் வாழ்க்கைப்பட்ட ஊர் சூரைக்குடி.
"ஐந்து நாழிகை நடை. வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்."

குண்டிகையை நெஞ்சோடு அணைத்து நடந்தேன்.
செம்புறைக் கல் உள்ளங்காலைத் தின்றது.
"செத்துப்போயிருந்தால்?" என்றாள் பூதி.
"போயிருந்தாலும் கொண்டுபோக வேண்டுமா?"
எண்ணியா வைத்திருக்கிறோம் என்றேன்.

ஊருணிப் படியில் குடம் மொண்டுகொண்டிருந்தவள்
என் நாத்தி.
மழித்த தலை அவளுக்கு யாரோ.
"குடிக்கிற தண்ணீரில் என்ன கரைக்கிறீர்கள்?"
"உங்கள் ஊரார்தான். தவறி எங்களிடம் வந்துவிட்டார்கள்."
சிரித்தாள். பாதியில் நின்றாள்.
குரலை மழிக்க மறந்திருக்கிறேன்.

குண்டிகையைக் கயிற்றில் இறக்கினேன்,
நீர் நீரைத் தொடும் சத்தம்கூட இல்லாமல்.
அவள் சொன்னாள்:
"கடாரத்திலிருந்து ஓலை வந்தது."
அதற்குமேல் சொல்லவில்லை.
கப்பல் போய்ப் பதினோரு ஆண்டு.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றாள். போனாள்.

திரும்பும் வழியெல்லாம் பூதி கேட்டாள்:
வருகிறார் என்றா, இல்லை என்றா?
ஓலை யார் கையெழுத்தாம்?

குன்றேறியபோது கதிர் விழுந்திருந்தது.
மூடிவைத்த சோறும் நீரும் இனி எங்களுக்கில்லை.
குரத்தியார் ஒன்றும் கேட்கவில்லை,
காலைக் கழுவவும் சொல்லவில்லை, நீர் இல்லை.

இருட்டில் கணக்கெடுத்தேன்.
பதினோரு ஆண்டு, முதல் எவ்வளவு?
முதல் தெரியாமல் வட்டி ஓடவில்லை.
சுனையில் தவளை ஒருமுறை கத்தியது.

விடிந்தும் விடியாததுமாய்
அடிவாரத்தில் வண்டிச் சத்தம்.
எந்த ஊர்த் தண்ணீர் என்றாள் பூதி.
அதே ஊருணிதான் என்றான் எயினன்.

துணியை உதறினேன்.
நான்காக மடித்தேன்.
பிறகு எட்டாக.