நாற்காலிப் பதிவேடு

செனோக்கோவில் எங்கள் புரோட்டாத் தொழிற்சாலைக்கு
நாற்காலி ஒன்று வந்திறங்கியது,
மாவு மூட்டைகள் வரும் அதே வாசல் வழியாக,
மழைக்கோட்டு மாட்டிய முதலாளி போல
பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு.
உடம்பு பிடித்துவிடும் நாற்காலி.
தோளுக்கு ஒரு பொத்தான், இடுப்புக்கு ஒன்று,
கெண்டைக்காலை இரு கைபோல் கவ்வ ஒரு பள்ளம்.

ஊழியர் நலக் குழுவில் நானும் இருப்பதால்
பதிவேடு என் தலையில்.
பெயர், பிரிவு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.
ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

முதல் இரண்டு வாரம்
தேதிகள் மட்டுமே அதில் உட்கார்ந்திருந்தன.

நலத்திட்டம் என்றதும் சிரிக்கிறவள் இல்லை நான்.
என் மகனின் கணக்குப் புத்தகங்கள்
கம்பெனி கொடுத்த உதவித்தொகையில் வந்தவை.
காலாவதித் தேதி மங்கலாக விழுகிறதென்று
அச்சு இயந்திரத்தை ஓராண்டு திட்டிய ரொஹானாவுக்கு
இலவசக் கண் சோதனையில் தெரிந்தது
மங்கியது எதுவென்று.
நடைப்போட்டியில் முதல் பரிசு கிடங்கு ஷஹாபுதீனுக்கு.
போட்டிக்கென்று அவர் ஓரடியும் நடக்கவில்லை;
கருவியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார், அவ்வளவுதான்.
பரிசு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு
மூன்று மாத அனுமதி அட்டை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.
இடைவேளை முப்பது நிமிடம்.
அங்கி, பூட்ஸ், வலைத்தொப்பி கழற்ற ஐந்து.
உணவறைக்குப் போக நான்கு, வர நான்கு.
மறுபடி எல்லாம் மாட்டி, ஒட்டுருளையால் முடி எடுத்து,
கை கழுவ ஆறு.
(இருபது விநாடி தேய்க்கச் சொல்லிச் சுவரில் படம் உண்டு;
குழாய்க்கு நிற்கும் வரிசைக்குப் படம் இல்லை.)
மிச்சம் பதினொன்று.
அதற்குள் சோறு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது,
ஜொகூரில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று
கஸ்தூரி கேட்கும் தொலைபேசி இருக்கிறது.
பதினொன்றுக்குள் பதினைந்தை மடிக்க
புரோட்டா மடிப்பவர்களாலும் முடியாது.

ஒரு புதன்கிழமை, இரவு வேலை.
உலோகம் கண்டறியும் கருவி
இல்லாத ஆணிக்கு அலறிக்கொண்டே இருந்தது.
பெல்ட் நின்றது.
மடிப்பு வரிசையின் சியூ ஹோங், வயது அறுபத்து மூன்று,
போய் உட்கார்ந்தார்.
பதினைந்தாவது நிமிடம் நாற்காலி தானாக ஓய்ந்தது.
அவர் தூக்கம் ஓயவில்லை.

பெல்ட் மறுபடி ஓடியபோது
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
தின் தின் அரையடி இடப்பக்கம் நகர்ந்தாள்,
கஸ்தூரி அரையடி வலப்பக்கம்.
விரல் எடுத்த மாவுபோல
குழி மூடிக்கொண்டது.
பெட்டிகள் குறையவில்லை.
அவர் திரும்பி வந்தார்,
கன்னத்தில் நாற்காலியின் தையல்.
அரையடி அரையடியாக அவர் இடம் திறந்தது.

நாற்பது நிமிடம்.
முடிந்த நேரம் என்ற கட்டத்தில்
பதினைந்துக்குக் கணக்காக எழுதினேன்.

மாதக் கூட்டத்தில் மனிதவள அதிகாரி வெண்டி
"பயன்பாடு குறைவு, வேறு கிளைக்கு அனுப்பிவிடலாமா?" என்றார்.
நான் கொண்டுபோயிருந்தது
மாவு அறைச் சுவரில் தொங்கும் செய்முறைத் தாள்.
நான்காவது வரி:
பிசைந்த மாவுக்கு ஓய்வு, நாற்பது நிமிடம்.
குறைத்தால் கிழியும்.
மேசையில் வைத்தேன். மேலே பேச
என் ஆங்கிலமும் போதவில்லை, தைரியமும்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
நகல் ஒன்று கேட்டார்.

இந்த மாதம் முதல், சோதனை முறையில்,
அங்கி கழற்றிய பிறகே இடைவேளை தொடங்கும்.
ஐந்து நிமிடம் வீடு திரும்பியிருக்கிறது.
இப்போது கையில் பதினாறு.
நாற்காலிக்குப் பதினைந்து போக
ஒன்று.
சோறு இன்னும் வெளியேதான் நிற்கிறது.

ஆனாலும் பதிவேடு நிரம்புகிறது,
நான்கு எழுத்துகளில் கையொப்பம்.
தணிக்கைக்கு வந்தவர் நேற்று பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
அந்தப் புதன்கிழமை வரியில் விரல் நின்றது.
சியூ ஹோங், பதினைந்து, என்று முணுமுணுத்து
ஒரு சரி போட்டுவிட்டுப் போனார்.