பதினாலடிக் கூடாரம்

"எத்தனை பேர்?" என்றான் மிசூலா கடைக்காரன்.
"ரெண்டு பேர்."
"ரெண்டு பேருக்கா இவ்வளவு பெரிசு?"

போன நவம்பரில்
முழங்கால் மடக்கிக் கிடந்த கூடாரத்தில்
எங்கள் மூச்சே கூரையில் உறைந்து
விடியலில் முகத்தில் உதிர்ந்தது.
என் காதுக்குள் டெல்மரின் குறட்டை.

அதனால் கணக்குச் சொன்னேன்:
ஈரக் காலுறைக்கு ஒரு கொடி,
துப்பாக்கிகளுக்கு ஒரு மூலை,
நாய்க்கு ஒன்று.
குறட்டைக்கு அந்தக் கோடி.
கித்தான், தகர அடுப்பு, புகைக்குழாய்
எல்லாம் சுமந்து மலையேறிய கோவேறு கழுதை
இன்னும் என்னை முறைக்கிறது.

எல்க் மான் ஒன்றும் கண்ணில் படவில்லை.
மைனஸ் இருபது.
மூன்று மணிக்கு அடுப்பு அவிகிறது.
கட்டை போட யார் எழுவது?
பாசாங்கில் டெல்மருக்குக்
குறட்டை சரியாக வருவதில்லை.

அத்தனை இடமும் காலி.
ரெண்டு கட்டிலும்
அடுப்பை ஒட்டிக் கிடக்கின்றன,
கை எட்டும் தூரத்தில்.