முழுச் சிக்னல்

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்றுக்கு விடுமுறை கிடையாது.
காற்றாலை வரிசைக்குப் பின்னால்
கைவிட்ட செங்கல்சூளை நிலத்தில்
நாற்பது மீட்டர் டவர்.
உச்சியில் ஆன்டெனா இல்லை,
எந்த வீட்டுக்கும் எந்தக் குரலையும் கொண்டுபோகாது.
ஏறி இறங்க மட்டும் நட்டது.

பதினோரு வருஷம் ஏறியவன் நான்.
தக்கலை, களியக்காவிளை, கீரிப்பாறை ரப்பர் மேடு,
உப்பில் போல்ட்டெல்லாம் செதில்விட்ட மணக்குடிக் கரை.
சான்றிதழ் மட்டும் இல்லையாம்.
பஸ் காசு கொடுத்து அனுப்பியது கம்பெனி.

பயிற்சி கொடுப்பவள் பெர்லின் ஷீபா.
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
காற்றுமானியைத் தூக்கிப் பிடித்துப் படித்தாள்:
'பதினாலு. இப்ப யாரும் ஏறண்டாம்.
டீ குடிச்சிட்டு வாங்க.'
இதைவிடப் பெரிய காற்றில் ஏறியிருக்கிறோம் என்றோம்.
'அப்படியா' என்று நோட்டில் எதையோ எழுதினாள்.

பெல்ட்டை வெயிலில் விரித்து
பேன் பார்ப்பதுபோல் தையல் பார்க்கச் சொன்னாள்.
என் தொடைப்பட்டையில்
பெயின்ட் சொட்டிய இடம் விறைத்திருந்தது.
என் கண்முன்னே கத்தரியால் வெட்டினாள்,
இனி யாரும் ஆசைப்பட்டு எடுத்து மாட்டாதபடி.

கொக்கி இரண்டு.
ஒன்றைக் கழற்றும்முன் மற்றதை மாட்டு.
அவ்வளவுதான் பாடம்.
பத்தாவது மீட்டரில் என் கை
பழக்கத்தில் இரண்டையும் இடுப்பில் தொங்கவிட்டது.
கீழிருந்து விசில்.
'இறங்குங்க. முதல்லேர்ந்து.'
மூன்று தடவை இறங்கினேன்.

மத்தியானம் பொம்மையை மேலே தொங்கவிட்டார்கள்.
எண்பது கிலோ மணல், கட்டம்போட்ட சட்டை.
முந்தைய குழுவில் யாரோ மீசை வரைந்திருந்தான்.
'இவரு மயங்கிட்டாரு. பத்து நிமிஷத்துல தரைக்கு வரணும்.'
பிறகு கேட்டாள்:
'விழாம பெல்ட்டுல தொங்குறவன்
எவ்வளவு நேரம் தாங்குவான்?'
ஒரு மணி நேரம் என்றான் டெரன்ஸ்.
ராத்திரி முழுக்க என்றான் தாணுமாலயன்.
நான் வாயைத் திறக்கவில்லை.

கீரிப்பாறையில் சூசைமிக்கேல் விழவில்லை.
பெல்ட் பிடித்துக்கொண்டது.
முப்பத்தெட்டாவது மீட்டரில் தொங்கிக்கொண்டே
'ஒண்ணுமில்லலே, காலு மரத்திருக்கு' என்றான்.
போன் செய்தோம்.
டவரடி; ஐந்து கோடும் நிறைந்த சிக்னல்.
யாரைக் கூப்பிட்டாலும் தெளிவாகக் கேட்டது.
எல்லோரும் வருகிறேன் என்றார்கள்.
பால்வெட்ட வந்தவர்கள் வாளியோடு நின்று அண்ணாந்தார்கள்.
பெல்ட்தான் பிடித்திருக்கிறதே என்று
நான் ஒரு பீடி பற்றவைத்தேன்.

முக்கால் மணி நேரம்.
தீயணைப்பு வண்டி வந்தபோது
அவன் தலை மார்பில் கவிழ்ந்திருந்தது.

'தொடைப்பட்டை ரத்தத்தை மடக்கிப் போட்டுரும்,' என்றாள் ஷீபா.
'காலுக்குப் போனது திரும்பி வராது.
மிதிச்சு நிக்க ஒரு கண்ணி இருந்தா கொஞ்சம் நேரம் கிடைக்கும்.'
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நாடாச் சுருள்.
விலை கேட்டான் டெரன்ஸ்.
ரெண்டு பேர் பொறோட்டாவும் பீஃபும் தின்கிற காசு.

நான்தான் ஏறினேன்.
மாட்டு. இழு. கிளிக் கேள். அடுத்தது.
பொம்மையின் முதுகு வளையத்தில் என் கயிற்றைப் பூட்டினேன்.
மணல் இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை.
காற்றில் அது என் பக்கம் திரும்பியது,
வரைந்த மீசையோடு.
'வாலே' என்றேன், யாருக்கும் கேட்காமல்.
கேட்டிருக்கவும் கூடும்.
காற்று கீழ்நோக்கித்தான் வீசியது.

எட்டு நிமிஷம் நாற்பது வினாடி.
கைதட்டினார்கள்.
நான் குனிந்து
பொம்மையின் தொடைப்பட்டைகளைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.
ஷீபா ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

வடசேரியில் பஸ் இறங்கும்போது போன்.
நாளைக்குக் கொட்டாரம்,
ஒரு ஆன்டெனாவைத் திருப்பணும், அரைமணி வேலை,
ஒருத்தன் போதும் என்றார் சூப்பர்வைசர்.
'ரெண்டு பேரு' என்றேன்.
'கேக்கல' என்றார்.
ஐந்து கோடும் நிறைந்திருந்தது.
மறுபடி சொன்னேன்.